செங்கொம்பி திருத்திய தீர்ப்பு

ஆவணி இருபதாம் நாள் காலை, நாற்பத்தொரு காட்டெருமைகள் பார்த்துக்கொண்டிருக்க, மந்தைத் தலைவி செங்கொம்பி மூங்கில்குட்டைக் கரையில் முழங்கால் மடிந்து விழுந்தாள்.

யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. தானே எழுந்து நின்றாள்.

"அக்கா, கண்ணெல்லாம் மஞ்சளாக இருக்கிறதே!" என்றான் முரட்டுக் காளை திமிலன். "மழை வந்தால் மலையேற வேண்டும். நடப்பாயா, இல்லை உன்னை உருட்டிக்கொண்டு போகவா?"

"முதலில் உன் காலில் ஒட்டிய சேற்றைக் கழுவு! மலையை நான் பார்த்துக்கொள்கிறேன்."

சொல்லிவிட்டாள். ஆனால் விலாவுக்குள் வலி பிடுங்கியது; உடம்பு காய்ச்சலில் கொதித்தது. அவள் ஏறாவிட்டால் மந்தை திமிலன் பின்னால் போகும். அவனுக்குத் தெரிந்தது பள்ளத்து வழி மட்டுமே. அங்கே புலி இருந்தது.

செங்கொம்பியின் தீர்ப்புக்கு அந்தக் காட்டில் பெரிய மதிப்பு. ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரிப்பாள். ஒரு குற்றத்துக்கு இருவரைத் தண்டித்ததே இல்லை. அதில் அவளுக்கு ரொம்பப் பெருமை. தன் வயிற்றையும் அப்படியே விசாரித்தாள்.

"ஈரலுக்குள் யார்? பேசு!"

"தட்டைப்புழு, தாயே!" என்றது பித்தக்குழாயில் குடியிருந்த புழு. "குட்டை நத்தையின் வயிற்றில் வளர்ந்தேன். கரைப்புல்லில் ஒட்டிக்கிடந்தேன். நீங்கள்தான் மென்று விழுங்கினீர்கள். குழாய்ச் சுவரைக் கொஞ்சம் சுரண்டித் தின்கிறேன். சின்னக் கீறல்! தானே ஆறிவிடும்."

கீறலுக்கா இவ்வளவு காய்ச்சல்? அதை அனுப்பிவிட்டு அடுத்ததை அழைத்தாள்.

"நான் வெறும் கிருமி, அம்மா! குடலிலிருந்து வந்தவன். கண்ணுக்கே தெரியாதவன். முழுசாக இருக்கும் சுவரை நான் என்ன செய்ய முடியும்? பித்தநீர் ஓடினால் என்னை அடித்துக்கொண்டு போய்விடுமே!"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இரண்டையும் விடுவித்தாள்.

வைத்தியம் தெரிந்த மந்தி பூவாட்டி காய்ச்சலுக்கு ஒரு மரப்பட்டையைக் கொடுத்தாள். காய்ச்சல் இறங்கியது. சில நாளில் திரும்பவும் ஏறியது. செங்கொம்பி படுத்தபடி யோசித்தாள். இரண்டும் பொய் சொல்லவில்லை. பிறகு ஏன் இந்த வலி?

அதுவரை செய்யாத ஒன்றைச் செய்தாள். இரண்டையும் சேர்த்து நிறுத்தினாள்.

"புழுவே, உன் கீறல் ஏன் ஆறவில்லை?"

"இந்தப் பயல் அதில் உட்கார்ந்து சீழ் வைக்கிறான், தாயே!"

"யாரு, நானா?" கிருமி துள்ளியது. "சுவரைக் கிழித்து எனக்கு இடம் போட்டது நீ! குழாயை அடைத்துப் பித்தநீரைத் தேக்கியதும் நீ! ஓட்டம் இருந்தால் நான் தங்குவேனா?"

"வாயை மூடுடா!"

"நீ மூடு, சப்பட்டை!"

காய்ச்சலிலும் செங்கொம்பிக்குச் சிரிப்பு வந்தது. மந்தையைக் கூட்டினாள். நிமிர்ந்து நின்றாள்.

"என் தீர்ப்பு தப்பு. குற்றம் ஒன்று, செய்தவர்கள் இரண்டு பேர். புழுவுக்கும் மருந்து, கிருமிக்கும் மருந்து, ஒரே சமயத்தில்! இனி குட்டைக் கரைப்புல்லில் யாரும் வாய் வைக்கக் கூடாது!"

"தலைவி தன் தீர்ப்பையே மாற்றுவதா? மானக்கேடு!" என்றான் திமிலன்.

"தப்பென்று தெரிந்தும் பிடித்துத் தொங்கினால்தான் மானக்கேடு. நகரு, வழியை விடு!"

மந்தைக்குள் ஒரு பெருமூச்சு எழுந்தது. எல்லாக் கொம்புகளும் அவளுக்குத் தாழ்ந்தன.

பூவாட்டி புழுவுக்கு ஒரு கசப்புத் தழையையும் கிருமிக்கு அந்தக் காய்ச்சல் பட்டையையும் சேர்த்தே கொடுத்தாள். புழு செத்து வெளியேறியது. தேங்கிய பித்தநீர் ஓடத் தொடங்கியது. கிருமிக்குத் தங்க இடமில்லை. கண்ணின் மஞ்சள் மெல்ல வடிந்தது.

ஐப்பசி ஏழாம் நாள் மழை இறங்கியது. செங்கொம்பி முன்னால் நடக்க, மந்தை மலையேறியது. திமிலன் கடைசியில் வந்தான்.

கூட்டுச் சேர்ந்து செய்த கேட்டைத் தனித்தனியாக விசாரித்தால் எல்லோரும் நிரபராதிகளாகத்தான் தெரிவார்கள். சேர்த்து வைத்துப் பார்ப்பவருக்கே உண்மை பிடிபடும்.