செவந்திலிங்கத்தின் பான் நம்பர்

"டீச்சர், இல்லாத ஆளுக்கு பான் நம்பர் எங்க போய் வாங்கறது?"

வெள்ளைச்சாமி இப்படித்தான் உள்ளே வந்தார். ஒரு வணக்கம்கூட இல்லை.

ஷமீமா கம்ப்யூட்டரிலிருந்து நிமிர்ந்தார்.

"உட்காருங்க ஐயா. யார் இல்லை?"

"அதைத்தானே சொல்றேன். யாருமே இல்லை!"

திண்டுக்கல்லில் வீடு, கடை என்று வாடகைக்கு விட்டுச் சாப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் ஷமீமாவின் மாணவர்கள். வரிக் கணக்கெல்லாம் ஆன்லைனில்தான் என்று ஆன பிறகு, ஞாயிற்றுக்கிழமை காலையில் தன் ஆடிட்டர் ஆபீஸிலேயே அவர்களுக்கு வகுப்பு எடுக்கிறார். அவருக்கு வயது முப்பத்தாறு. வெள்ளைச்சாமிக்கு அறுபது தாண்டிவிட்டது. ஆனால் என்ன, டீச்சர் டீச்சர்தான்.

அந்த டீச்சரிடம் ஒரு கெட்ட பழக்கம். கேள்வி கேட்டால் பதில் வராது. வேலைதான் வரும். "எதுக்கு டீச்சர் இத்தனை விவரம் கேக்கறாங்க?" என்று சலித்துக்கொண்ட மெஸ்காரர் ஒருவரை, பேசாமல் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு போய் வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே வந்துவிட்டார். எதற்கு நிறுத்தினார் என்று அந்த மனுஷன் இன்னும் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்.

இந்த வாரம் கொடுத்த வேலை இது. குடியிருக்கும் ஒவ்வொருவரின் பேர், போன் நம்பர், பான் நம்பர், எல்லாவற்றையும் போனில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும்.

வெள்ளைச்சாமி போனை நீட்டினார். கடைகள் எல்லாம் சரி. ரவுண்டு ரோடு வீட்டுக்கு நேரே மட்டும் செவந்திலிங்கம் என்று மொட்டையாக ஒரு பேர்.

"யார் இவர்?"

"நானா வெச்ச பேரு."

"புரியலை."

"எனக்கு மட்டும் புரியுதாக்கும்?"

வேறு வழியில்லை. சொல்லித் தொலைத்தார்.

அவருடைய ஒரே மகள் தேன்மொழி. நாலு வருஷத்துக்கு முன்னால் தனக்குப் பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள். பையன் வேறு சாதி. அன்றைக்கு மகளோடு பேச்சை நிறுத்தியவர்தான். ரவுண்டு ரோடு வீடு அவளுக்கென்றே கட்டியது. "சும்மா பூட்டித்தானே கிடக்கு, அதுக இருந்துட்டுப் போகட்டுமே" என்று மனைவி பூமயில் நாளெல்லாம் நச்சரித்தாள். நச்சரிப்பு தாங்காமல் ஒருநாள், "வீட்டுக்கு ஆள் வந்தாச்சு, செவந்திலிங்கம்னு ஒருத்தர்" என்று ஒரே போடாகப் போட்டார்.

ஆள் வந்தால் வாடகை வரவேண்டுமே! அதற்காக மாசம் பிறந்தால் தன் பணத்தையே எடுத்துக்கொண்டு பேங்குக்குப் போவார். செவந்திலிங்கம் பேரைச் சீட்டில் எழுதித் தன் கணக்கிலேயே கட்டுவார். வரவில் காட்டியாகிவிட்டதே என்று வருஷா வருஷம் அதற்கு வரியும் கட்டினார். சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொண்டவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். அந்தச் சூனியத்துக்கு வரியும் கட்டினவர் இவர் ஒருத்தர்தான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். இவர் புளுகு நாலு வருஷம் ஓடியதே பெரிய காரியம்.

"இப்ப என்ன பிரச்சினை?" என்றார் ஷமீமா.

"பூமயில்தான் பிரச்சினை! எல்லாத்தையும் போன்ல ஏத்தறது அவதானே. இவருக்கு மட்டும் ஏன் நம்பர் இல்லை, ஏன் நம்பர் இல்லைன்னு உயிரை எடுக்கறா. ஏதாச்சும் ஒரு நம்பரைத் தட்டிவிடுங்க டீச்சர்."

"தட்டக் கூடாது."

"அப்ப என்னதான் செய்ய?"

"பூட்டிக் கிடக்குன்னு உண்மையைப் போடுங்க."

"போட்டா அடுத்த நிமிஷம் சாவியை மகள் கையில குடுத்துடுவா!"

"குடுத்தா?"

"குடுக்க முடியாது."

"ஏன்?"

"ஏன்னா... வீட்ல ஆள் இருக்கு!"

சொன்ன பிறகுதான் வெள்ளைச்சாமிக்கே உறைத்தது. ஷமீமா சிரிக்கவில்லை.

"ஆள் இருந்தா நல்லதாப் போச்சு. போய்க் கதவைத் தட்டி, பான் நம்பர் கேட்டு வாங்கிட்டு வாங்க."

"என்ன டீச்சர், விளையாடறீங்களா?"

"நாலு வருஷமா ஒரு மாசம் தப்பாம வாடகை குடுத்திருக்கார். அப்படிப்பட்டவர் வீட்ல இல்லாமலா போவார்? போங்க."

போதும்டா சாமி என்று எழுந்தார் வெள்ளைச்சாமி. வரியைக் கட்டுவதா, பைத்தியம் பிடித்து அலைவதா? வண்டியை உதைக்கும்போதுகூட டீச்சரைத் திட்டினார். ஆனாலும் வண்டி ரவுண்டு ரோட்டுக்குத்தான் போனது.

வீட்டு வாசலில் நின்று அக்கம்பக்கம் பார்த்தார். சாவி சட்டைப்பையிலேயே இருந்தது. தன் வீட்டுக் கதவை, தான் போட்ட பூட்டு தொங்கும்போதே, தட்டினார்.

பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி எட்டிப் பார்த்தாள்.

"என்னண்ணே, உங்களுக்கும் கிறுக்குப் பிடிச்சிருச்சா? போன வாரம் உங்க மகளும் வந்து இப்படித்தான் தட்டுச்சு."

"தேனா? எதுக்கு?"

"இருக்கற வீட்டைக் காலி பண்ணச் சொல்லிட்டாங்களாம். ஏழு மாசம் வேற. வயித்தைத் தள்ளிக்கிட்டு வீடு வீடா ஏறி இறங்குது. இங்க யாரோ செவந்திலிங்கம் குடியிருக்காராமே, அம்மா சொன்னாங்களாம். ஒரு ரூமு மட்டும் குடுப்பாரான்னு கேக்க வந்துச்சு."

வெள்ளைச்சாமி கதவிலிருந்து கையை எடுத்தார்.

"அவரை எதுக்குக் கேக்கற, உங்கப்பாவைக் கேளு தாயின்னேன். அப்பாவைக் கேக்கப் பயமா இருக்குக்கா, இவரு முன்னப்பின்ன தெரியாதவர்தான், ஆனா கொஞ்சம் ஈரமுள்ளவரா இருந்தாலும் இருப்பாருன்னுச்சு."

"நீ என்ன சொன்ன?"

"என்னத்தச் சொல்ல? அப்படி ஒரு ஆளே இல்லை, எல்லாம் உங்கப்பன் விட்ட கதைன்னு அந்தப் புள்ள மூஞ்சியைப் பார்த்துச் சொல்ல முடியுமா? ஊருக்குப் போயிருக்கார் போலன்னு அனுப்பிட்டேன். உங்க பொய்க்கு நானும் ஒரு பொய் சொல்ல வேண்டியதாப் போச்சு. நல்லா இருங்க!"

அவள் விடுக்கென்று உள்ளே போய்விட்டாள்.

வெள்ளைச்சாமி படியில் உட்கார்ந்தார். வெட்கமாக இருந்தது. அழுகையாக வந்தது. இல்லாத ஒருத்தன்மேல் பொறாமையாகக்கூட இருந்தது.



மறுநாள் ஷமீமா ஆபீஸைத் திறக்கும்போதே வாசலில் நின்றார்.

"போனீங்களா?"

"போனேன்."

"பான் நம்பர்?"

"அதெல்லாம் அவர்கிட்ட கிடையாது டீச்சர். வீடு பூட்டிக் கிடந்துச்சுன்னே போட்டுடுங்க."

"வீட்ல கேட்டா?"

"நானே சொல்லிட்டேன். தோலை உரிச்சுட்டா."

ஷமீமா கம்ப்யூட்டரில் அந்தப் பேரைத் தேடி எடுத்தார். அழிக்கப் போன கை நின்றது.

"அப்ப செவந்திலிங்கம் என்ன சொன்னார்?"

வெள்ளைச்சாமி தோள்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"மாசமா இருக்கற புள்ளை, தங்க இடமில்லைன்னு சொன்னேன். ஒரு வார்த்தை பேசலை டீச்சர். காலி பண்ணிட்டார்."