சாயலாமா, ரபி?

பஸ்கா வந்தால் என் இடுப்பு ஒடிந்துபோகும். எகிப்தில் பார்வோன் ராஜாவுக்கு அடிமைகளாக இருந்த எங்கள் யூத ஜனம் கடலைத் தாண்டி விடுதலையான திருநாள். அதற்காக வீட்டில் புளித்த மாவு துளிகூட இருக்கக் கூடாதென்று ஒரு வாரமாய் நான்தான் மூலை முடுக்கெல்லாம் துடைத்துக்கொண்டிருந்தேன். விடுதலையாம்.

விருந்துக்கு உட்கார்ந்தது, ஊருக்கே வேதம் சொல்லித்தரும் ரபியான என் வீட்டுக்காரரும் அவருடைய சீடர் பாரூக்கும். சீடர் என்றால் சின்னப் பையனில்லை, தாடி நரைத்தாயிற்று. பக்கத்து ஊரில் அவரை ரபியாக வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். அவர் மனைவி பிள்ளைகளோடு முன்னாலேயே அங்கே போய்க் காத்துக் கிடக்கிறாள். இந்த மனிதரோ தினமும், "போகலாமா, ரபி?" என்பார். "உன் இஷ்டம்" என்பார் இவர். மறுநாளும் அதே கேள்வி. பண்டிகை முடிவதற்குள் வராவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று ஊரார் சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

பஸ்கா விருந்தில் தலையணை போட்டு இடப்பக்கம் சாய்ந்து சாப்பிட வேண்டும். அடிமைக்கு அப்படிச் சாய வாய்க்காதே, அதற்காக. ஆனால் குருவுக்கு முன்னால் சீடன் சாய்வதென்றால் அனுமதி கேட்க வேண்டும்.

"சாயலாமா, ரபி?"

"சாய்."

கொஞ்சம் சாய்ந்தார். "இவ்வளவு போதுமா?"

"போதும்."

"திராட்சரசம் குடிக்கும்போதும் இப்படியேவா, இல்லை..."

இவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு எழுந்து அடுப்படிக்கு வந்துவிட்டார். நான் அங்கே குழம்பைச் சூடாக்கிக்கொண்டிருந்தேன்.

"இங்கே எதுக்கு வந்தீங்க?"

"குரு எதிர்ல இல்லேன்னா அவன் யாரையும் கேட்க வேண்டியதில்லை."

"நல்லா இருக்கு" என்றேன். "எனக்குன்னு இருக்கறது இந்த இடம் ஒண்ணுதான். இங்கேயும் வந்து படுத்துக்குங்க."

அப்புறம் கூடத்திலிருந்து பாரூக்கின் குரல் வந்தது.

"ரபி, சாஞ்சுட்டேன். சரியா இருக்கான்னு கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

இவர் தலையில் அடித்துக்கொண்டார். எனக்கு அங்கே காத்துக் கிடக்கிறவளை நினைத்து எரிச்சலும் அழுகையுமாய் வந்தது.

"பாரூக்" என்றார் இவர், இருந்த இடத்திலிருந்தே. "கடலைத் தாண்டின நம்ம ஜனம், 'தாண்டிட்டோம், சரியா?'ன்னு கேட்கப் பார்வோன்கிட்ட திரும்பிப் போச்சா?"

கூடத்தில் திராட்சரசம் ஊற்றிக்கொள்ளும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அந்த மனிதர் அடுத்த கேள்வி கேட்காமல் இருந்தது அன்றைக்குத்தான்.