ஊதாவின் காற்று

ஒரு கணவாயின் வாயிலில் ஒரு ஊர் இருந்தது. ஆனி பிறந்துவிட்டால் அங்கே மேற்கிலிருந்து காற்று கிளம்பிவிடும். காலையிலும் மேற்கிலிருந்துதான், மாலையிலும் மேற்கிலிருந்துதான். அந்த ஊர் வேப்பமரங்கள்கூடக் கிழக்கே சாய்ந்துதான் வளர்ந்திருக்கும். துணி காயப் போடுகிறவர்கள் கிளிப் மாட்ட மறந்தால், பக்கத்து ஊரில் போய்த்தான் தேட வேண்டும்.

அந்த ஊரில் ஒரு வீட்டுக்கு இரண்டு மருமகள்கள். மூத்தவள் இசக்கியம்மை, இளையவள் உலகம்மை. ஆளுக்கொரு சைக்கிள். மூத்தவளின் ஊதா நிறச் சைக்கிள் கிழக்கே போகும். அங்கே காற்றாலை ஆட்களுக்குச் சமைக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. இளையவளின் பச்சை நிறச் சைக்கிள் மேற்கே தையல் கம்பெனிக்குப் போகும். வீட்டை ஒட்டிய தகரச் சாய்ப்பில் இரண்டும் ஹேண்டிலோடு ஹேண்டில் உரசிக்கொண்டு நிற்கும்.

காலையில் வாசலில் பிரியும்போதுதான் பச்சைக்கு வயிறு எரியும். இசக்கியம்மை ஏறி உட்கார்ந்து ஒரு மிதி மிதிப்பாள். அவ்வளவுதான். சேலை முன்னால் உப்ப, ஊதா தன் பாட்டுக்குப் போய்விடும். பச்சையின் கதை வேறு. உலகம்மை சீட்டில் உட்காரவே முடியாது. எழுந்து நின்று, ஹேண்டில்மேல் குனிந்து, பல்லைக் கடித்துக்கொண்டு மிதிப்பாள். ஏதாவது லாரி வந்தால் அதன் பின்னால் ஒண்டிக்கொண்டு கொஞ்ச தூரம் போவாள். கண்ணெல்லாம் மண்.

"அவளும் சைக்கிள்தான், நானும் சைக்கிள்தான். அவளுக்கு மட்டும் அப்படி என்ன கொடுப்பினை?" என்று பச்சை வழியெல்லாம் முனகும்.

மாலையில் பச்சைதான் முதலில் வீடு வந்து சேரும். பிறகு வெகுநேரம் கழித்து, மூச்சிரைக்க, புழுதியோடு ஊதா வரும். பச்சை அதை ஏற இறங்கப் பார்க்கும்.

"எங்கட்டி ஊர் சுத்திட்டு வாரே? நான் எப்பவோ வந்தாச்சு."

"காத்துக்கா, எதுத்த காத்து" என்று ஊதா சொல்லும்.

"எனக்கு இல்லாத காத்து ஒனக்கு எங்கேருந்து வந்துச்சாம்? சோம்பேறிக்குச் சாக்கு கேக்கணுமா. என்னைப் பாரு, ஒரே மூச்சுல வந்தேன். காலுல தெம்பு வேணும்."

ஊதா சுவரில் சாய்ந்துகொள்ளும். தான் சொன்னது சரியாகத்தான் இருக்கிறது என்று பச்சைக்கு இன்னும் உறுதிப்படும்.

ஆடி பிறந்ததும் காற்று வெறி பிடித்தது. உலகம்மை அடிக்கடி பிந்தினாள். ஒரு காலையில் தையல் கம்பெனி மேற்பார்வையாளர் கேட்டிலேயே நின்றிருந்தார்.

"இன்னொரு தடவை பிந்தினா உள்ள வராதம்மா. அப்படியே வீட்டுக்குப் போயிரு. ஒன் மிஷினுக்கு வேற ஆள் காத்துக்கிட்டு இருக்கு."

உலகம்மை தலையைக் குனிந்துகொண்டாள். அவள் உள்ளங்கை வியர்வை பச்சையின் ஹேண்டிலில் பிசுபிசுத்தது. பச்சைக்கும் அவமானமாக இருந்தது. ஆனால் அந்த அவமானம்கூட அரைநொடியில் ஊதாவின் பக்கம் திரும்பிவிட்டது. எல்லாம் அவளால்தான். நல்ல காற்றையெல்லாம் அவள் ஒருத்தியே எடுத்துக்கொள்கிறாள்.

அன்று மாலை ஒரு உடைமரக் கிளை காற்றில் பறந்து வந்து சாய்ப்புக்குள் விழுந்தது. அதில் விரல் நீளத்துக்கு ஒரு வெள்ளை முள்.

"யாரு காலடியில கெடக்கணும்?" என்று முள் கேட்டது. "எனக்கு எல்லாச் சக்கரமும் ஒண்ணுதான்."

பச்சை கொஞ்சம்தான் யோசித்தது. "அந்தா நிக்காளே, அவளுக்கு முன்னால. நாளைக்கு ஒரு நாளாவது அவ சவாரி எனக்குக் கிடைக்கட்டும்."

காலையில் இசக்கியம்மை ஊதாவை வெளியே உருட்டினாள். புஸ்ஸென்று ஒரு சத்தம். சக்கரம் படுத்துவிட்டது.

"ஏட்டி உலகு, எனக்கு உலை வைக்க நேரமாச்சு. ஒன் சைக்கிளை எடுத்துட்டுப் போறேன். நீ இதுக்கு ஒரு பஞ்சர் ஒட்டி எடுத்துட்டுப் போயிரு."

"யக்கா, நான் பிந்துனா கேட்டுல விடமாட்டாக."

"கடை தொறந்துதான் இருக்கும், ஓடு. அங்கே அம்பது பேருக்குச் சோறுட்டி."

உலகம்மையின் முகம் வெளுத்ததைப் பச்சை பார்த்தது. உள்ளே எதுவோ சுருக்கென்றது. ஆனால் ஹேண்டில் அதற்குள் கிழக்கே திரும்பிவிட்டது. இத்தனை நாள் ஏங்கிய பாதை அது. சந்தோஷம் சுருக்கென்றதை மூடிவிட்டது.

பச்சை காத்திருந்தது. ஊதாவை ஏந்திப் போகும் அந்தக் காற்று இப்போது வரும், இப்போது வரும் என்று. வரவே இல்லை. முகத்தில் ஒரு தூசி இல்லை. காதில் ஒரு இரைச்சல் இல்லை. சக்கரங்கள் மட்டும் வழுக்கிக்கொண்டு ஓடின.

"ஏ காத்தே, இன்னைக்குப் பாத்து எங்கே போய்த் தொலைஞ்சே?" என்று பச்சை கத்தியது.

"எங்கேயும் போகலை. ஒன் முதுகுலதான் இருக்கேன்" என்றது காற்று.

"பொய் சொல்லாத. நீ இருந்தா எனக்குத் தெரியாதா? இது நான் ஓடுற ஓட்டம்."

காற்று தள்ளிக்கொண்டே வந்தது.

ஊதா காலையில் ஓடும் ஓட்டம் இவ்வளவுதானா என்று பச்சைக்குச் சப்பென்று போய்விட்டது. சமையல்கூடத்துச் சுவரில் பகலெல்லாம் இறுமாப்போடு சாய்ந்து நின்றது. காற்றே இல்லாமல் இந்த வேகத்தில் வந்தேனே, ஊதாவால் முடியுமா?

மாலையில் இசக்கியம்மை மிஞ்சிய சோற்றைத் தூக்குவாளியில் போட்டு ஹேண்டிலில் மாட்டினாள். பச்சையை மேற்கே திருப்பினாள். காற்று நேராக முகத்தில் அறைந்தது.

பாதி வழியில் அவள் இறங்கிவிட்டாள். உலை அடியில் நாளெல்லாம் வெந்த உடம்பு. காலை ஊன்றித் தள்ளவும் தெம்பில்லை. தூக்குவாளி ஆடி ஆடிப் பச்சையின் தண்டில் இடித்தது. நின்று மூச்சு வாங்கினாள். மறுபடியும் தள்ளினாள். தினமும் இப்படித்தானா என்று பச்சை கேட்கவில்லை. கேட்பதற்கு மூச்சு வேண்டுமே.

வீடு வந்தபோது ஊதா சாய்ப்பில் முன்பே நின்றிருந்தது. புதிதாக ஒட்டிய பஞ்சர். மூச்சிரைப்பு துளியும் இல்லை.

"நீ எப்பம் வந்தே?" என்று பச்சை இரைத்தது.

"காலையிலேயே வந்துட்டேன். பஞ்சர் ஒட்டிப் போறதுக்குள்ள கேட்டை அடைச்சுட்டாக. ஒங்க ஆளு எவ்வளவோ கெஞ்சினா. நாளையிலேருந்து வராதேன்னுட்டாரு." ஊதா கொஞ்சம் நிறுத்திவிட்டு, ஆசையாகச் சொன்னது: "ஆனா அந்தத் திரும்பி வந்த வழி இருக்கே! மிதிக்கவே இல்லைக்கா. காத்தே இல்லை அங்கே. தினமும் சாயங்காலம் இப்படித்தான் வருவியா? கொடுத்து வச்சவ நீ."

உள்ளே உலகம்மை அழுவது தகரத்தின் வழியாகக் கேட்டது. வீட்டுக்குள் போன இசக்கியம்மை தூக்குவாளியைக் கீழே வைத்தாள். "நான் ஒன் சைக்கிளை எடுத்திருக்கக் கூடாதுட்டி" என்று அவள் சொன்னதும் கேட்டது.

மறுநாள் காற்று வழக்கம்போல மேற்கிலிருந்து வந்தது. ஊதாவை இசக்கியம்மை கிழக்கே உருட்டிக்கொண்டு போனாள். பச்சையின் சீட்டின்மேல் யாரோ ஒரு கிழிந்த சாக்கைப் போட்டு மூடினார்கள். சாய்ப்புக்குள் எந்தப் பக்கத்துக் காற்றும் வரவில்லை.

சாயங்காலம் ஊதா வந்து சேர்ந்தது. மேலெல்லாம் புழுதி, கண்ணெல்லாம் மண், பேச முடியாத இரைப்பு. சாக்கின் கிழிசல் வழியாகப் பச்சை அது மூச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அந்தப் புழுதியைக் கண்டும் பச்சைக்கு வயிறு எரிந்தது.