தும்மல் வர்ற பக்கம்

காலை நீட்டிப் படு தேனு. போர்வையை இழுத்துக்கோ. பெரியம்மா ஒரு தடவைதான் சொல்லுவேன், நடுவுல தண்ணி வேணும், ஒண்ணுக்கு வருதுன்னு எந்திரிக்கக் கூடாது. நான் நிறுத்துற எடத்துல நீ "ம்" கொட்டணும். சரியா?

ஒரு ஊர்ல ராசாவும் இல்ல, ராணியும் இல்ல, ஒரு பால்வாடிதான் இருந்துச்சு. மலை மேல, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவுல. அம்மாமாரெல்லாம் கொழுந்து பறிக்கப் போயிட்டா குட்டிப் பிள்ளைங்க பூரா அங்கதான் கெடக்கும். அதுங்களைப் பாத்துக்க ஒரு டீச்சர், பேரு ஞானசெல்வி. கீழ ஊர்க்காரி. மலைக்கு வந்து ஒரு மழைக்காலம்கூட முழுசா பாக்கல.

ம் எங்கடீ? ஆங், அப்படி.

அந்தப் பால்வாடியில ஒரே ஒரு கதைப் புஸ்தகம். அட்டையெல்லாம் பிஞ்சு, ஓரத்துல சோத்துக் கை பட்டு மஞ்சளா இருக்கும். அதுல ஒரு யானை. பாயசம் திங்கிற ஆசையில தும்பிக்கையைக் குடத்துக்குள்ள விட்டுரும், மாட்டிக்கும். லொட்டு லொட்டுன்னு குடத்தோட ஓடும். குரங்கு இழுக்கும், வராது. கரடி இழுக்கும், வராது. கடைசியில ஒரு எறும்பு உள்ள போய் மூக்குல குறுகுறுன்னு ஊரும். யானை தும்மும், குடம் பறக்கும். அந்தப் பக்கம் வந்தாப் போதும், பிள்ளைங்க எல்லாம் ஒண்ணா சேந்து "ஹா... ஹா... ஹாச்ச்ச்"னு கூரை பிச்சுக்கிற மாதிரி தும்மும். தினம் இதேதான்.

அதுல அமலின்னு ஒருத்தி. உன்னைவிடச் சின்னவ. ஆளு சுண்டைக்கா, தொண்டை மட்டும் லாரி ஹாரன். அவ தும்முனா, கொழுந்து பறிக்கிறவங்க இருக்கிற லைன் வீட்டு நாய் எந்திரிச்சு ஓடும்.

அன்னைக்கு ஒரே பனி. மத்தியானம் சோறு தின்னாச்சு, ஆயா லீவு. டீச்சர் சுவத்துல சாஞ்சு உக்காந்தா. மடியில புஸ்தகத்தைப் பாத்தபடி அமலி, எதுத்தாப்புல சன்னலுக்கு முதுகு காட்டி மத்த பிள்ளைங்க. ரெண்டு பக்கம் படிச்சிருப்பா. அப்போ வெளிய சடசட, சடசடன்னு கிளை ஒடியிற சத்தம். டீச்சர் நிமிந்து சன்னலைப் பாத்தா. பனிக்குள்ள கருப்பா, பெருசா என்னவோ நிக்குது. காது அசையுது. அதோட காலுக்கு நடுவுல ஒரு குட்டி.

ஆமா தேனு, நெஜ யானை. அரிசி வாசனைக்கு வந்துருச்சு. குட்டி போட்ட யானை ரொம்பப் பொல்லாதது. டீச்சர் வந்த அன்னைக்கே தோட்டத்து வாட்சர் சொல்லியிருந்தாரு. "வந்தா கதவைத் திறக்காதம்மா, சத்தம் காட்டாத, அதுவா போயிரும். மெரண்டுச்சுன்னா சுவத்தை ஒரே தள்ளு, அவ்ளோதான்."

புஸ்தகத்துக்குப் பின்னால டீச்சர் செல்லை எடுத்துப் பாத்தா. டவர் இல்ல. படிக்கிறதை நிறுத்துனா பிள்ளைங்க திரும்பிப் பாக்கும், பாத்தா வீல்னு கத்தும். படிச்சுக்கிட்டே போனா தும்மல் பக்கம் வந்துரும். என்ன பண்ணுவா பாவம்?

குரலை எறக்கி மெதுவாப் படிச்சா. குரங்கு வந்துச்சு, கரடி வந்துச்சு. எறும்பு வர்ற எடத்துல, இல்லாத மான் ஒண்ணை நடுவுல விட்டா. "அப்போ ஒரு மான் வந்து..."

"மான் கெடையாது டீச்சர்," அப்படின்னா அமலி. நல்லா ஓங்கிச் சொன்னா.

வெளிய அந்தக் காதுங்க அசையாம நின்னுச்சு. அப்புறம் அது சுத்தி வந்து, டீச்சர் சாஞ்சிருந்த சுவத்துல சரக்... சரக்னு முதுகை ஒரசுச்சு. காரை உதுந்து டீச்சர் தோள்ல விழுந்துச்சு. "ஆமா, தப்பு, மான் இல்ல," அப்படின்னு டீச்சர் முணுமுணுத்தா.

ம்? முழிச்சிருக்கியா?

அப்போ அவளுக்கு ஒண்ணு தோணுச்சு. பிள்ளைங்க தினமும் "இன்னொரு தடவை டீச்சர்"னு கெஞ்சும், இவ முடியாதும்பா. "முதல்லேருந்து படிக்கலாமா?"ன்னு கேட்டா. பிள்ளைங்களுக்கு ஒரே குஷி. திரும்பப் பாயசம், திரும்பக் குடம், லொட்டு லொட்டு.

யானை சமையல்கட்டுப் பக்கம் போச்சு. போயிருச்சுன்னு இவ மூச்சு விட்டா. விட்ட மூச்சைத் திரும்ப இழுக்குறதுக்குள்ள மடார்னு சமையல்கட்டுக் கதவு பேந்துச்சு. தட்டு டம்ளரெல்லாம் கடகடகடன்னு உருளுது. பிள்ளைங்க தூக்கிவாரிப் போட்டு உக்காந்துச்சு.

"என்ன டீச்சர் அது?"

"பூனை."

"பெரிய பூனையா?"

"பெரிய பூனைதான். கதையைக் கேளு."

இத்தனை பேரோட அம்மாவும் என்னை நம்பித்தானே விட்டுட்டுப் போயிருக்காங்க, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யார் மூஞ்சியில முழிப்பேன்னு டீச்சருக்கு உள்ளுக்குள்ள அழுகை முட்டுது. ஆனாலும் படிச்சா. குரங்கு இழுத்துச்சு. கரடி இழுத்துச்சு. எறும்பு வர்றதுக்கு முந்தி மறுபடியும், "முதல்லேருந்து..."

"வேணாம்," அப்படின்னா அமலி. "தும்மணும்."

"இன்னும் ஒரே தடவை கண்ணு."

"தும்மணும் டீச்சர்." பக்கத்தை அவளே திருப்பிட்டா. எறும்பு வந்துருச்சு. அமலி நெஞ்சை நிமித்தி மூச்சை இழுத்தா. "ஹா..."

அப்போ சன்னல் கம்பி கிர்ர்ர்னு வளைஞ்சுச்சு. வளைஞ்ச எடத்துல ஒரு தும்பிக்கை உள்ள வந்துச்சு. மண்ணும் அரிசியும் ஒட்டிக்கிட்டு, நுனி மட்டும் ஈரமா. புஸ்... புஸ்னு ஒவ்வொரு பிள்ளை தலையா மோந்துக்கிட்டே வருது. பிள்ளைங்க திரும்பக்கூட இல்ல, தலையைக் குனிஞ்சுக்கிட்டு அப்படியே உறைஞ்சு போச்சு. அமலி வாயைத் தொறந்தபடி பாக்குறா.

அவ வாயைப் பொத்தணும்னு டீச்சர் நெனைக்கிறா, கை வரல. தும்பிக்கை நேரா டீச்சர் மூஞ்சிக்கு வந்துச்சு. சூடா மூச்சு. எண்ணெய் வச்ச தலையை மோந்துச்சு, காதை மோந்துச்சு. டீச்சருக்கு அடிவயித்துலேருந்து ஒரு அலறல் கெளம்பிருச்சு தேனு. அவளால அடக்க முடியல. நெஞ்சுக்கு வந்துச்சு, தொண்டைக்கு வந்துச்சு, வாய் தொறந்துருச்சு.

அப்போ ஒரு சின்னக் கை வந்து அந்த வாயை இறுக்கிப் பொத்துச்சு.

அமலி கை. பருப்புச் சோத்து வாசம் அடிக்கிது. மூச்சு முட்டுற மாதிரி அழுத்திப் பொத்தியிருக்கா. அலறல் உள்ளயே நின்னு போச்சு.

வெளிய குட்டி கீ...ன்னு கூப்பிட்டுச்சு. தும்பிக்கை மெதுவா பின்னால போச்சு. அப்புறம் சடசட, சடசட. அப்புறம் தூரத்துல ஒரு கிளை. அப்புறம் ஒண்ணுமில்ல, பனிதான்.

கையை மட்டும் அமலி எடுக்கல. டீச்சர் கண்ணுலேருந்து பொலபொலன்னு தண்ணி கொட்டி அந்தச் சின்னக் கை பூரா நனையுது. அமலி தும்மிருவாளோன்னுதானே டீச்சர் இவ்ளோ நேரம் உசுரைக் கையில புடிச்சிருந்தா. அந்தப் பிள்ளை டீச்சர் காதுக்கிட்ட வாயை வச்சு, மூச்சுக் காத்துல சொன்னா:

"பயப்படாத டீச்சர். நான் தும்ம மாட்டேன்."

அவ்ளோதான் தேனு. யானை காட்டுக்குப் போச்சு, அம்மாமாரெல்லாம் ஓடியாந்து பிள்ளைங்களை வாரிக்கிட்டாங்க, கதை இங்கயே படுத்துக்கிச்சு. நீயும் கண்ணை மூடு.