ஜெர்மனியில் இருக்கும் மகள்

மலையடிவாரத்தில் ஒரு சின்ன மடம். அங்கே வேலப்ப சாமி என்று ஒருவர் இருந்தார். வயது நாற்பதுக்கு மேல் இருக்காது. அவரைத் தேடி வருகிறவர்களில் பாதிப் பேர் அவரைவிட மூத்தவர்கள்.

பேராசிரியர் தணிகாசலமும் அப்படித்தான். தலை முழுக்க நரை. கல்லூரியில் பொருளியல் துறைக்குத் தலைவர். ஆனால் ஊருக்கு அவரைத் தெரிந்தது பட்டிமன்றத்தால். எந்தக் கோயில் திருவிழாவானாலும் நோட்டீசில் அவர் பெயர் இருக்கும், பெயருக்கு முன்னால் முனைவர் என்று போட்டிருக்கும். அவர் எழுந்தால் சிரிப்பு, உட்கார்ந்தால் கைதட்டல்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மடத்துக்கு வருவார். சாமிக்கு முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். அந்த ஒரு இடத்தில்தான் அவர் அதிகம் பேசுவதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச் சால்வையோடு வந்தார். அதைச் சாமியின் காலடியில் வைத்துக் கும்பிட்டார்.

"என்ன வாத்தியாரே, விசேஷம்?"

"நேத்து நம்ம மாரியம்மன் கோயில்ல பட்டிமன்றம் சாமி. பெண்பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பிப் படிக்க வைப்பது பெருமையா, பயமான்னு தலைப்பு. எங்க அணிக்குத்தான் தீர்ப்பு."

"எது உங்க அணி?"

"பயம்."

"உங்களுக்குப் பயமா?"

தணிகாசலம் சிரித்தார். "அது பட்டிமன்றம் சாமி. ஏற்பாடு பண்றவர் போன்ல எந்த அணின்னு சொல்றாரோ அந்த அணி. போன மாசம் தேனிப் பக்கம் இதே தலைப்பு. அங்கே நான் பெருமை. அங்கேயும் ஜெயிச்சோம்."

"உங்க மகள் எங்கே இருக்கா?"

"ஜெர்மனியில் படிக்கிறா சாமி. தங்களுக்குத் தெரியுமே."

"நேத்து அதைச் சொன்னீங்களா?"

"அது எப்படிச் சொல்ல முடியும்? நேத்து என் அணி அது இல்லையே."

சாமி சால்வையைத் தொடவில்லை.

அடுக்களையில் காய் நறுக்கிக்கொண்டிருந்த ஒரு பெண் வாசலுக்கு வந்து நின்றாள். தமயந்தி என்று பெயர். ஞாயிறு அன்னதானத்துக்குக் கைவேலை செய்ய வருகிறவள். ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி கேட்டாள்.

"சார், நேத்து பயம்னு பேசினது நீங்கதானே?"

"ஆமாம்மா. வந்திருந்தீங்களா?"

"எங்க வீட்டுக்காரர் வந்தார். முன் வரிசையில உக்காந்து கேட்டார். எங்க பிள்ளை மோகனப்ரியாவுக்கு மாட்டு டாக்டருக்குப் படிக்க மெட்ராஸ்ல இடம் கிடைச்சிருக்கு சார். வர்ற வெள்ளிக்கிழமைக்குள்ள சேரணும். அவரும் சரின்னுட்டார். புதுப்பெட்டிகூட வாங்கியாச்சு. நேத்து உங்க பேச்சைக் கேட்டுட்டு வந்து, அந்தப் பெட்டியைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டார்."

தணிகாசலம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஏன் இப்படிப் பண்றீங்கன்னு கேட்டேன். 'டாக்டர் பட்டம் வாங்கினவர் சொல்றார், உனக்கு என்னடி தெரியும்'னு கேக்கறார்."

"அம்மா, அது சும்மா... மேடைக்காகப் பேசறது."

"எனக்குப் புரியுது சார். அவருக்குப் புரியலையே." அவள் கிட்டே வந்தாள். "என் தங்கச்சி தேனிப் பக்கம் இருக்கா. நீங்க அங்கே வேற மாதிரி பேசினீங்களாமே? கேட்டு அழுதுட்டேன்னு சொன்னா. அந்தப் பேச்சை எங்க வீட்டுல வந்து ஒருதரம் பேசுங்க சார். உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

தணிகாசலம் சாமியைப் பார்த்தார்.

"போயிட்டு வாங்க வாத்தியாரே."

"என்ன பேசட்டும் சாமி?"

"உங்களுக்குத் தெரிஞ்சதை."

தமயந்தியின் கணவர் சங்கையா டயர் கடை வைத்திருந்தார். இரண்டு நாள் கழித்துப் பேராசிரியர் தன் வீட்டு வாசலில் வந்து நிற்பதைக் கண்டதும் அவருக்குக் கால் தரையில் பாவவில்லை. நாற்காலியைத் தோள்துண்டால் துடைத்துப் போட்டார். குடிக்கக் கலர் வாங்கி வர ஆள் அனுப்பினார். "டேய், சார் நம்ம வீட்டுக்கு வந்திருக்கார்டா!" என்று தெருவையே கூப்பிட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவருக்கு மேல் தலை நீட்டினார்கள்.

"சங்கையா, உங்க மகளை அனுப்புங்க," என்று தணிகாசலம் ஆரம்பித்தார்.

மெதுவாகத்தான் ஆரம்பித்தார். ஆனால் நாக்குக்கு ஒரு பழக்கம் இருக்கிறதே. இரண்டு வார்த்தைக்குப் பிறகு குரல் ஏறியது. கை தானாக உயர்ந்தது. சிரிக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினார், தெரு சிரித்தது. பிறகு தன் மகளைப் பற்றிச் சொன்னார். விமானத்தில் ஏற்றிவிட்டு வந்து அவளுடைய தட்டைப் பார்த்து அழுததைச் சொன்னார். இப்போது பனி கொட்டுகிற தெருவில் தனியாக நடந்து போய்ப் படிக்கிறாள் என்று சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் நிஜமாகவே உடைந்தது.

சங்கையா கண்ணைத் துடைத்துக்கொண்டார். கதவுக்குப் பின்னால் மோகனப்ரியா நின்றாள். தமயந்தி மாரியம்மனை நினைத்துக் கைகூப்பினாள்.

முடிந்ததும் சங்கையா கை தட்டினார். தெருவும் தட்டியது.

"அடேயப்பா! கோயில்ல பேசினதைவிட இது ஒரு படி மேல சார்."

"பேச்சு இல்லைங்க. நிஜமாத்தான் சொல்றேன். பிள்ளையை அனுப்புங்க."

"அன்னிக்கும் நிஜமாத்தானே சார் சொன்னீங்க? ஹாஸ்டலுக்குப் போன பொண்ணு காணாமப் போயிருச்சு, அப்பங்காரன் பஸ் ஸ்டாண்டுல போட்டோவை வச்சுக்கிட்டு அலையறான்னு சொன்னீங்களே. அதுல இருந்து எனக்குச் சோறு இறங்கலை. அந்தப் பொண்ணு கிடைச்சுதா சார்?"

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

"அப்படி ஒரு பொண்ணு இல்லை சங்கையா. மேடைக்காகச் சொன்னது. தேனியில நானே பெருமைன்னு பேசி ஜெயிச்சிருக்கேன், யாரை வேணும்னாலும் கேளுங்க."

சங்கையா சிரித்தார். கோபமே இல்லை.

"பாருங்கய்யா, நான் அழுதுக்கிட்டு இருக்கேன், பொண்ணே இல்லையாம்! அப்ப இந்த ஜெர்மனிப் பொண்ணு சார்?"

"அது என் மகள்."

"சரி சார், சரி சார்."

தணிகாசலம் அவசரமாகப் போனை எடுத்து மகளின் படத்தைக் காட்டினார். குல்லாய் போட்டுக்கொண்டு பனியில் நின்று சிரித்தாள். போன் கை மாறிக் கை மாறிப் போனது.

"போட்டோ முதற்கொண்டு ரெடியா வச்சிருக்கார்யா! சும்மாவா ஜெயிக்கிறார்!"

"சங்கையா, பிள்ளையோட வாழ்க்கை. விளையாட்டு இல்லை."

சங்கையாவின் சிரிப்பு நின்றது. குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நீங்க பெரியவங்க, கோவிச்சுக்காதீங்க. அந்தப் பொண்ணு இல்லைன்னு சொல்றீங்க, ஒத்துக்கறேன். ஆனா அந்தப் பயம் வந்துருச்சே சார். அது போக மாட்டேங்குதே."

வியாழக்கிழமை தணிகாசலம் மறுபடி போனார். இந்த முறை கடைக்கு. கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனார். கையைக் கட்டிக்கொண்டு, ஒரு வார்த்தை கூட்டாமல் கெஞ்ச வேண்டும் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனார்.

பஞ்சர் ஒட்ட வந்த இரண்டு பேர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். சங்கையா டயரைத் தண்ணீரில் அமுக்கியபடி நிமிர்ந்து பார்த்தார். முகம் மலர்ந்தது.

"நல்ல நேரத்துக்கு வந்தீங்க சார்! இவங்க அன்னிக்குக் கோயிலுக்கு வரலையாம். அந்த பஸ் ஸ்டாண்டு கதையை ஒருதரம் சொல்லுங்களேன்."

தணிகாசலம் வந்த வழியே திரும்பிவிட்டார்.

மறு ஞாயிற்றுக்கிழமை அவர் மடத்துக்கு வந்தபோது சாமி தனியாக இருந்தார். சால்வையை யாரோ மடித்து அவர் பக்கத்தில் வைத்திருந்தார்கள். அடுக்களையில் தமயந்தி பூசணிக்காய் நறுக்கும் சத்தம் கேட்டது. அவள் வெளியே வரவில்லை.

"வெள்ளிக்கிழமை போயிருச்சு சாமி."

"ஆமா."

"அந்தப் பிள்ளை?"

"தொழுவத்துல இருக்கா. மடத்து மாட்டுக்குக் காலில் புண்ணு. மருந்து போடறா."

தணிகாசலம் தொழுவத்துப் பக்கம் பார்த்தார்.

"நான் உண்மையைத்தான் சொன்னேன் சாமி. என் வாழ்க்கையிலேயே அவ்வளவு உண்மையா நான் பேசினதில்லை. ஏன் நம்பலை?"

சாமி அடுக்களைப் பக்கம் திரும்பினார்.

"தமயந்தியம்மா, இப்படிக் கொஞ்சம் வாங்க."

அவள் வந்து நின்றாள்.

"நம்ம வாத்தியாருக்கு ஜெர்மனியில ஒரு மகள் இருக்காளாம்மா?"

தமயந்தி பேராசிரியரைப் பார்த்தாள். அவளுக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. ஒரு மனுஷனின் மனசை நோகடிக்கவும் மனம் வரவில்லை.

"தெரியலைங்க சாமி," என்றாள். "இருந்தா நல்லா இருக்கட்டும்."

உள்ளே போய்விட்டாள். மறுபடி நறுக்கும் சத்தம் கேட்டது.

தணிகாசலம் கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தார்.

"சாமி, இந்த நிமிஷத்துல இருந்து நம்பாததைப் பேச மாட்டேன். இதுவரைக்கும் பேசினதுக்கெல்லாம் ஊரறிய மன்னிப்புக் கேட்டுடறேன்."

"எங்கே கேப்பீங்க?"

"அடுத்த வாரம் ஒரு கோயில்ல ஒத்துக்கிட்டிருக்கேன். பெரிய கூட்டம் வரும். அந்த மேடையிலேயே எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன்."

சாமி சால்வையை எடுத்து அவர் மடியில் வைத்தார்.

"சொல்லுங்க வாத்தியாரே. நல்லா கை தட்டுவாங்க."