கரடி வச்ச மூக்குத்திப்பூ

ஒரு காட்டுல, உடம்பைவிடப் பெருமை பெருத்த கரடி ஒண்ணு இருந்துச்சு பிள்ளைங்களா. யார் எதைச் சொன்னாலும், "ம்ம்ம்... எனக்குத் தெரியாததா?"ன்னு மூக்காலயே பேசும்.

அது குகை வாசல்ல ஒரு புளியமரம். அதுல ஒரு தேன்கூடு. கரடிக்கு அதுதான் சோறு, அதுதான் பலகாரம்.

அந்த வருசம் மழை ஏமாத்திடுச்சு. பூவெல்லாம் கருகிப்போச்சு. இப்படியே போனா வேற இடம் பாத்துக்குவோம்னு தேனீங்க சொல்லிடுச்சுங்க. கரடி உடனே யோசனை கேக்க, பக்கத்துப் புதர்ல இருந்த கவுதாரிகிட்ட ஓடுச்சு.

கவுதாரி மூக்குத்திப்பூ வைக்கச் சொல்லுச்சு. தரையோட தரையாப் படர்ந்து, நடுவுல மஞ்சளும் சுத்தி வெள்ளையுமா குட்டியாப் பூக்குமே, அதுதான். எந்த வெயிலுக்கும் அசராது.

"கொடியை ஒடிச்சு நடுங்க மாமா. வேர் புடிக்கிற வரைக்கும் லேசாத் தண்ணி தெளிங்க. அப்புறம் சும்மா விட்டுடுங்க."

"சும்மா விடுறதா? அதான் நீ கவுதாரியாவே இருக்க. நான் வளர்க்கிறேன் பாரு."

கொழுத்த கொடியாப் பொறுக்கி வாசல்ல நட்டுச்சு. நோஞ்சான் கொடியை எல்லாம், "ச்சீ, நீயெல்லாம் பூக்கப் போறியாக்கும்"னு மலையடிச் சரளைக் கல்லுல வீசுச்சு. அப்புறம் யானையைக் கூப்பிட்டு, குட்டையில கெடந்த கொஞ்சத் தண்ணியையும் மூணு வேளையும் உறிஞ்சி வந்து ஊத்தச் சொல்லுச்சு.

வாசல் சேறாச்சு. தவளைங்க வந்து குடித்தனம் வச்சுதுங்க. இலை மஞ்சளாச்சு. தவளை கூட, போதும்யான்னு கத்திப் பாத்துச்சு. கரடி கேக்கணுமே? "பாவம், தாகம் போல. இன்னும் ஊத்துப்பா"ன்னுச்சு.

வேரு அழுகி, செடியெல்லாம் கூழாப் போச்சு. தேனீங்க கிளம்பிடுச்சுங்க.

"அய்யோ, என் தேனு"ன்னு கரடி பின்னாலயே ஓடுச்சு. மலையடிவாரத்துல போய் நின்னா, அது வீசுன நோஞ்சான் கொடியெல்லாம் எப்பவோ பெஞ்ச ஒரு தூத்தலைக் குடிச்சுட்டு சரளை பூரா படர்ந்து பூத்துக் கெடக்கு. நேர் மேல, வழுக்குப் பாறை உச்சியில, தேனீங்க புதுக் கூடு கட்டுதுங்க.

கரடி ஏறுச்சு. சறுக்குச்சு. ஏறுச்சு. சறுக்குச்சு. கடைசியில வாயைப் பொளந்து அண்ணாந்து நின்னுச்சு.

பூவுக்குள்ள மேஞ்சுக்கிட்டிருந்த கவுதாரி நிமிர்ந்து பாத்துச்சு.

"என்ன மாமா, சும்மா நிக்கிறீங்க? தண்ணி ஊத்தலையா?"

நீதி: வேணாம்ங்கிறதுக்கு வாரி வாரி ஊத்துறது பாசம் இல்ல, வெறும் பவுசு.