பொந்துக்குள் ஒரு பள்ளிக்கூடம்

மலைக்காட்டில் உயர்ந்த மரம் ஒன்றின் பொந்தில் ஓர் இருவாச்சிக் குடும்பம் இருந்தது. இருவாச்சிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. முட்டையிடும் காலம் வந்ததும் அம்மாப் பறவை பொந்துக்குள் போய் உட்கார்ந்து, வாசலை மண்ணால் பூசி அடைத்துவிடும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல் மட்டும் விட்டுவைக்கும். அப்பாப் பறவை பழம் கொண்டுவந்து அதன் வழியாக ஊட்டும். குஞ்சுக்கு இறகு வளர்ந்ததும் சுவரை உடைத்து வெளியே வரும்.

இந்தப் பொந்தில் இருந்த குஞ்சின் பெயர் மஞ்சி. அதற்கு இறகெல்லாம் வளர்ந்து நாளாயிற்று. சுவர்தான் இன்னும் உடையவில்லை. அம்மா உள்ளேயே பாடம் நடத்திக்கொண்டிருந்தது.

காட்டில் பள்ளிக்கூடம் இல்லாமல் இல்லை. பலா மரத்தடியில் கருமந்தி வாத்தியார் ஒன்று நடத்திவந்தது. அங்கே அனுப்பினால் பிள்ளை கெட்டுப்போகும் என்று அம்மா கீறல் வழியாக வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லும்.

மஞ்சிக்கும் குறையொன்றும் இல்லை. எந்தப் பழம் எப்போது பழுக்கும், மழைக்காற்று எந்தப் பக்கமிருந்து வரும், எல்லாம் அதற்குத் தெரியும். வகுப்பில் எப்போதும் முதல் இடம். கடைசி இடமும் அதற்கேதான். அதை அம்மா யாரிடமும் சொல்வதில்லை.

மஞ்சிக்கு மிகவும் பிடித்தது பறக்கும் பாடம். "முதல்ல விழுற மாதிரிதான் இருக்கும். பயப்படாதே. இறக்கையை விரி, காத்து தாங்கிக்கும்" என்று அம்மா சொல்லும். மஞ்சி கண்ணை மூடிக்கொண்டு தப்பில்லாமல் ஒப்பிக்கும்.

கீழ்க்கிளையில் மலையணில் வீடு. அந்த வீட்டுப் பிள்ளை வாலப்பன் பலா மரத்தடியில் படித்தது. மாலையில் கீறலருகே வந்து மஞ்சியைச் சீண்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகும்.

"உன் வகுப்புல நீ யார்கூட சண்டை போடுவே?"

"அம்மாகூடத்தான். உங்க பள்ளிக்கூடத்துல என்ன சொல்லிக்கொடுத்தாங்க?"

"வரிசையில நிக்க."

"எதுக்கு நிக்கணும்?"

"அது அடுத்த வருஷப் பாடமாம்" என்றது வாலப்பன். அது கொஞ்சம் வருத்தத்தோடுதான் சொன்னது.

இப்படியே நாள் போயிற்று. பக்கத்து அத்திமரத்தில் பழம் தீர்ந்தது. அப்பா பள்ளத்தாக்கைத் தாண்டிப் போய்ப் பழம் சுமக்க வேண்டியதாயிற்று. மூன்று வயிற்றுக்கு ஓர் அலகு. அப்பா இளைத்துத் துரும்பாகிவிட்டது. சுவரை உடைத்துவிடலாமே என்று அது கெஞ்சிப் பார்த்தது. புயலில் பறப்பது இன்னும் பாக்கி, கழுகுப் பாடம் தொடவே இல்லை என்று அம்மா மறுத்துவிட்டது. பாடம் முடியாமல் எப்படி வருவது என்று மஞ்சியும் கூடவே பாடியது. அப்பா மறுபடியும் பழம் தேடிப் பறந்து போயிற்று.

மறுநாள் அப்பா வெகுநேரம் வரவில்லை. மஞ்சி கீறலில் கண்ணை வைத்துக் காத்திருந்தது. கடைசியில் எதிர்மரத்தில் அப்பா வந்து உட்கார்வது தெரிந்தது. உட்கார்ந்ததுதான், எழவில்லை. தலை தொங்கியது. அலகிலிருந்த அத்திப்பழம் கிளைக் கவட்டில் விழுந்தது. அதைக் குனிந்து எடுக்கக்கூட அப்பாவால் முடியவில்லை.

அம்மா பதறிப்போய்க் கீறல் வழியாகப் பாடம் எடுக்கத் தொடங்கியது. "இறக்கையை விரிங்க! வாலை உயர்த்துங்க!"

"அதெல்லாம் தெரியும். உடம்புல வலு இல்லை" என்றது அப்பா.

மஞ்சி கீறலிலிருந்து கண்ணை எடுத்தது. அது அம்மா பக்கம் திரும்பியது. "அம்மா, நீ கடைசியா எப்ப பறந்தே?"

பொந்துக்குள் வந்ததிலிருந்து தானும் பறக்கவில்லை என்பது அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே மகளை முந்திக்கொண்டு சுவரைக் கொத்த ஆரம்பித்தது.

சுவர் உடைந்தது. அத்தனை பெரிய வானத்தைக் கண்டதும் மஞ்சிக்கு ஒப்பித்த பாடமெல்லாம் மறந்துபோயிற்று. இருந்தாலும் குதித்தது. விழுவது போல இருக்கும் என்று அம்மா சொன்னது நினைவுக்கு வந்தது. உண்மையிலேயே அப்படித்தான் இருந்தது. இறக்கையை விரித்தது. காற்று தாங்கிக்கொண்டது.

தத்தித் தடுமாறி அப்பா இருந்த கிளையில் போய் மோதி, எப்படியோ பிடித்துக்கொண்டது. கவட்டில் கிடந்த பழத்தை எடுத்து அப்பாவின் வாயில் ஊட்டியது. இத்தனை நாள் ஊட்டிய அப்பா அன்று மகளிடம் வாங்கித் தின்றது.

அடுத்து அம்மா பறந்தது. சொன்னபடியெல்லாம் இறக்கையை விரித்தது, வாலை உயர்த்தியது. ஆனால் கிளையைத் தவறவிட்டு மலையணில் வீட்டுக் கூரைமேல் விழுந்தது. கூரை பிய்ந்தது.

வாலப்பன் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தது. "அத்தை, எங்க பள்ளிக்கூடத்துல ஒண்ணாம் வகுப்புல இடம் இருக்கு. சேர்றீங்களா?"

"வரிசையில நிக்கணுமா?" என்று கேட்டது அம்மா. முதலில் சிரித்தது அப்பாதான்.

அப்பாவுக்கு வலு திரும்பியதும் மூன்றும் பள்ளத்தாக்கைத் தாண்டி அத்திக்காட்டுக்குப் பறந்தன. வழியில் அம்மா பாடமே எடுக்கவில்லை. மஞ்சி எப்படிப் பறக்கிறது என்று பார்த்துக்கொண்டே பின்னால் போயிற்று.

வீட்டில் படித்தாலும் பள்ளியில் படித்தாலும், படித்ததைச் செய்து பார்க்கக் கதவைத் திறந்துவிட்டால்தான் அது படிப்பு.